அமெரிக்கக்காரி சொன்ன பாரிஸ்

தகனினியில் ரயில் ஏறினால் ஒக்லாந்து நகர மையத்துக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அந்த ஒரு மணித்தியாலம் நித்திரைக்கென்றே எனக்கு எழுதி வைத்தது என்று நினைத்திருந்தேன். யன்னலில் தலையைச் சாய்த்தால் மனுரேவா எப்போது வந்தது, மிடில்மோர் எப்போது போனது என்று தெரியாது. அந்த நித்திரையைக் கெடுத்தவள் ஓர் அமெரிக்கக்காரி.

எங்கள் இருவருக்கும் நகரத்தில் ஒரே கட்டடத்தில் வேறு வேறு மாடிகளில் வேலை. அவள் எனக்கு முன்னமே பாப்பகுராவில் ஏறி, பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் காத்து வைத்திருப்பாள். கடுங்குளிரிலும் ஐஸ் போட்ட தண்ணீர்ப் போத்தல் மடியில் இருக்கும். நியூசிலாந்துக்காரரைக் கட்டி இங்கே வந்து சேர்ந்தவள். அதற்கு முன்னர், லீவு கிடைத்தபோதெல்லாம் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஓடியவள். என் அண்ணன் பாரிஸில் இருக்கிறார் என்று ஒருநாள் சும்மா இருக்க மாட்டாமல் சொல்லிவிட்டேன். "பாரிஸா!" என்று நெஞ்சில் கை வைத்தாள். அன்றோடு தொலைந்தது என் நித்திரை.

அவளுடைய முதல் குறையே ஐஸ்தான். அங்கே ஐஸ் கேட்டால், மருந்துக்கடையில் குளிசை எண்ணித் தருவது போல இரண்டே இரண்டு கட்டி போட்டுத் தருவார்களாம். கடைக்குள் கால் வைத்ததும் முதலில் வணக்கம் சொல்ல வேண்டுமாம். சொல்லாமல் விலை கேட்டால் சாமான் வாங்கினாற் போலத்தான். கழிப்பறைக்குப் போகச் சில்லறை வேண்டும். ரயில் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, மேடையில் நிற்கிற பெட்டிக்குள் விட்டு முத்திரை குத்த வேண்டும். அவள் குத்தாமல் ஏறி, ஒரு பெட்டிச் சனத்துக்கு முன்னால் பேச்சு வாங்கியிருக்கிறாள். "அவர்கள் முதலாம் மாடி என்பது நமக்கு இரண்டாம் மாடி, கவனம்" என்றாள். 'நமக்கு' என்று என்னையும் அமெரிக்காவில் சேர்த்துவிட்டாள். இலங்கையிலும் அது பாரிஸ் மாதிரித்தான், ஏன் இந்த ஒக்லாந்திலும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கே விட்டாள்?

ஆனால் சாப்பாட்டுப் பேச்சு வந்தால் அவள் வேறு ஆளாகிவிடுவாள். குரல் இறங்கும். பாணைத் தட்டில் வைக்காமல் மேசை விரிப்பிலேயே வைப்பார்களாம். இரண்டு கையும் மேசைக்கு மேலே தெரிய வேண்டுமாம், அமெரிக்கர் மாதிரி ஒரு கையை மடியில் ஒளிக்கக் கூடாதாம். சலட் என்கிற பச்சை இலைக்கறி இறைச்சிக்குப் பிறகுதான் வரும், சீஸ் அதற்கும் பிறகு வரும். விருந்துக்கு வந்தவர் எழும்பிக் குசினிக்குள் போகவே கூடாது, உதவிக்கென்றாலும் கூடாது.

"எல்லாவற்றையும் விட அழகான வழக்கம் ஒன்று இருக்கிறது" என்பாள். "சாப்பிட்டு முடித்த பிறகும் உன்னை ஒருவரும் எழுப்ப மாட்டார்கள். நீயாகக் கேட்கும் வரை பில் வராது. எங்கள் நாட்டில் கடைசி வாய் உள்ளே இறங்க முன்னமே பில் வந்துவிடும். அங்கே ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு பின்னேரம் முழுக்க இருக்கலாம். இருந்துகொண்டே இருக்கலாம்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவாள். நானும் மூடுவேன்.

அவள் என்ன கண்டாளோ தெரியாது. நான் கண்டது என் அண்ணனைத்தான்.

அண்ணன் ஊரை விட்டுப் போகும்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. பிறகு அவரை நான் காணவில்லை. சண்டை, இடப்பெயர்வு, விசா, என் கலியாணம், நியூசிலாந்து என்று காலம் போய்விட்டது. அம்மாவும் அப்பாவும் இல்லை. அவர் கலியாணமும் கட்டவில்லை. பிறந்த வீட்டில் எனக்கென்று மிஞ்சிய ஒரே மனுஷன் அவர். அந்த மனுஷன் எனக்குத் தொலைபேசியில் வரும் ஒரு குரல் மட்டும்தான். "சுகமோ? பிள்ளை படிக்குதோ? சரி, வைக்கட்டே?" இவ்வளவுதான். நான் வேலையில் மும்முரமாக நிற்கும் நேரம் பார்த்துத்தான் எடுப்பார், குரலில் களைப்பு வழியும். சாப்பாட்டுக் கடையில் வேலை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். கேட்டாலும், "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்று மூடிவிடுவார். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஒரு மனுஷனை நினைத்துக்கொண்டிருப்பதற்குக் கூடக் கொஞ்சம் சாமான் வேண்டாமா?

அந்தச் சாமானை அமெரிக்கக்காரி தந்தாள். அவள் சொன்ன தெருக்களில் நான் அண்ணனை நடக்கவிட்டேன். நீளப் பாணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழை ஓய்ந்த கல்லுத் தெருவில் அவர் வந்தார். கடைக்குள் நுழைந்து வணக்கம் சொன்னார். டிக்கெட்டுக்கு மறக்காமல் முத்திரை குத்தினார். வெளியில் போட்ட வட்ட மேசையில், கழுத்தில் துண்டு சுற்றி, சின்னக் கோப்பையில் கோப்பி குடித்தபடி வழியால் போகிற சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலுக்கு வெளியே ஓட்டாஹூஹூவின் தகரக் கொட்டகைகளும் வேலிக்குப் பின்னால் காயும் உடுப்புகளும் ஓடிக்கொண்டிருக்கும். என் கண்ணுக்குள்ளே அண்ணன் பின்னேர வெய்யிலில் அவசரமில்லாமல் இருப்பார். ஒருவரும் அவரை எழுப்ப மாட்டார்கள். நகரம் வந்து ரயில் நின்ற பிறகுதான் நான் எழும்புவேன்.

ஒரு நாள் எடுத்தவர் புதிதாக ஒன்று சொன்னார். "கடை கைமாறுது தங்கச்சி. கொஞ்ச நாள் லீவு கிடைக்கும் போல. உன்னை வந்து பாத்திட்டுப் போகலாமெண்டு நினைக்கிறன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். சந்தோஷம்தான், ஆனால் அதற்குள்ளே பயமும் இருந்தது. எனக்கு அவரிடமிருந்து வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு தரமாவது என்னோடு வாய் திறந்து கதைக்க வேண்டும். எப்படி இருக்கிறார், எப்படி இருந்தார் என்று அவர் வாயால் கேட்க வேண்டும். வந்து, சுகமோ சரி வைக்கட்டே என்று போய்விட்டாரென்றால், பிறகு இந்தப் பிறவியில் எனக்கு அண்ணன் என்று ஒருவர் இல்லை.

மங்கரே விமான நிலையத்தில் நான் தேடியது கழுத்தில் துண்டு சுற்றிய ஓர் ஆளை. எனக்கு முன்னால் வந்து நின்றது மெலிந்து நரைத்த ஒருவர். கைச்சட்டையை மடித்துவிட்டிருந்தார், முழங்கைக்குக் கீழே பழைய தழும்புகள். என்னை மேலும் கீழும் பார்த்து, "வளந்திட்டாய்" என்றார். நாற்பது வயதில் அதைக் கேட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

வந்த மனுஷன் விடிய எழும்பிக் குசினியைக் கழுவினார். முதல் நாள் இரவு நான் ஊறப்போட்ட சட்டி பானையெல்லாம் பளபளவென்று கவிழ்ந்து கிடந்தன. "ஐயோ அண்ணை, விடுங்கோ" என்றால், "சும்மா இருக்க ஏலாது" என்பார். மேசையில் இருக்கச் சொன்னால் குசினிக் கரையில் நின்றபடியே மளமளவென்று சாப்பிட்டு முடிப்பார். சோறு போட்டாலும் அப்படித்தான், புட்டு வைத்தாலும் அப்படித்தான். நான்தான் விடாமல் கேட்டேன்.

"அண்ணை, உங்கட வீட்டுக்குக் கிட்ட கஃபே இருக்கோ?"

"ஓம், இருக்கு."

"பின்னேரத்திலை போய் இருப்பீங்களோ?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஓம், இருப்பன்."

"வெளியிலை மேசை போட்டிருப்பினமோ?"

"ஓம் ஓம். போட்டிருப்பினம்." துவாயை எடுத்து, துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தார்.

"ஹீ இஸ் நைஸ், பட் ஹீ டஸ்ன்ட் டோக், அம்மா" என்றாள் என் மகள். அவளுக்குக் கூடத் தெரிந்துவிட்டது. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிளேன்.

எனக்கு ஒரு யோசனை ஓடியது, அதுவும் பிழையான யோசனை. அண்ணனுக்கு எங்கள் வீடு பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். அங்கே மேசை விரிப்பில் பாண் வைத்து ஆறுதலாக இருந்து சாப்பிட்டுப் பழகிய மனுஷன். இங்கே நாங்கள் டிவிக்கு முன்னால் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிற சனம். வாய் எப்படித் திறக்கும்?

ரயிலில் இதைச் சொன்னதும் அமெரிக்கக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மேசையில்தான் அவர்களுக்குப் பேச்சு வரும். முறைப்படி இருத்திச் சாப்பிட வை. நான் சொல்லித் தருகிறேன்" என்றாள். வெங்காயச் சூப், வைனில் வேகவைத்த கோழி, பிறகு இலைக்கறி, பிறகு சீஸ். சனிக்கிழமை அவளையும் வரச் சொன்னேன். சொல்லித் தந்தவள் பக்கத்தில் இருந்தால் எனக்கும் தைரியம்.

கணவருக்கு இது பெரிய பகிடி. மங்கரேயில் சரக்கு விமானங்களுக்குச் சாமான் ஏற்றுகிற வேலை அவருக்கு. வந்து குசினி வாசலில் நின்றார். "இஞ்சேரும், நல்ல நண்டு வாங்கித் தாறன், ஒரு குழம்பு வையும். மச்சான் விரலைச் சூப்புவார். உந்த வெங்காயத் தண்ணியைக் குடிக்கவோ அந்த மனுஷன் இவ்வளவு தூரம் வந்தது?"

"உங்களுக்கு என்ன தெரியும்? அவர் பாரிஸிலை இருக்கிறவர்."

"இருந்தால்? எங்களைப் போல வயிறுதானே?" கோழிக்குள் நான் வைனை ஊற்றியதும் தலையில் கை வைத்தார். "அடி கடவுளே! குடிக்கிறதையும் கொண்டுபோய்ச் சட்டிக்குள்ளை ஊத்துறாள்."

சனி பின்னேரம் முழுக்க அண்ணனைக் குசினிப் பக்கம் வரவிடாமல் மகளோடு பூங்காவுக்கு அனுப்பிவிட்டேன். எட்டு மணிக்கு முன் அவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்று அமெரிக்கக்காரி சொல்லியிருந்தாள். தை மாதம் இங்கே கோடை, எட்டு மணிக்கும் வெய்யில் எங்கள் புது வீடுகளின் கூரைகளில் மஞ்சளாகப் படுத்திருந்தது. தூரத்தில் மோட்டர்வேயின் இரைச்சல் கடல் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தது. வெள்ளை விரிப்பின் மேல் பாணை அப்படியே வைத்தேன். அமெரிக்கக்காரி பூவோடு வந்தாள், எனக்குக் கன்னத்தில் கன்னம் வைத்து இரண்டு பக்கமும் முத்தம் தந்தாள். அண்ணன் வாசலில் நின்று மேசையைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

"இருங்கோ அண்ணை."

கதிரையின் நுனியில் இருந்தார். சூப்பை வைத்ததும் கரண்டியால் மேலே உருகிக் கிடந்த சீஸை மெல்ல விலக்கினார், குனிந்து மணந்தார். "ஆர் செய்தது?"

"நான்தான்."

குடித்தார். கடைசி ஆள் கரண்டியை வைத்ததுதான் தாமதம், அண்ணன் எழும்பினார். ஐந்து கோப்பையையும் ஒரே கையில் அடுக்கிக்கொண்டு குசினிக்கு நடந்தார்.

"மச்சான், விடுங்கோ, வந்து இருங்கோ" என்று கணவர் கூப்பிட்டார். திரும்பி வந்து இருந்தார். கோழி முடிந்ததும் திரும்பவும் எழும்பினார். எனக்கு அழுகை முட்டியது. பின்னேரம் முழுக்கப் பட்ட பாடு வீண். இவருக்கு என் மேசையில் இருக்கவே பிடிக்கவில்லை.

நிலைமையைச் சமாளிக்க நினைத்தோ என்னவோ, அமெரிக்கக்காரி அண்ணனைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். தனக்குப் பாரிஸில் என்ன பிடிக்கும் என்று. பில்லைக் கேட்கும் வரை தர மாட்டார்கள், ஒருவரும் எழுப்ப மாட்டார்கள், கடை பூட்டுகிற நேரம் தாண்டியும் தானும் சிநேகிதிகளும் இருந்ததுண்டு என்று சொல்லிச் சிரித்தாள். அண்ணனுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். நான் தமிழில் சொல்லச் சொல்ல, கையில் கோப்பைகளோடு நின்றபடியே கேட்டார். பிறகு சிரித்தார். வந்த நாள் தொடக்கம் அவர் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. தோள் குலுங்கச் சிரித்தார்.

"உவையைத்தான் நாங்கள் எத்தினை வருஷமாத் திட்டுறம்! உவை எழும்பினாத்தானே எங்களுக்கு வீடு. நாங்கள் உள்ளுக்கை நிண்டு பாப்பம், எழும்புவினம் எழும்புவினம் எண்டு. எழும்பாயினம். கடைசி மெட்ரோ போயிடும். பேந்து நடைதான்."

"என்ன சொல்கிறார்?" என்று அவள் கேட்டாள்.

மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை, அப்படியே சொன்னேன். அவள் முகம் சிவந்தது. "அவர் சமையல்காரரா?"

"கோப்பை கழுவினனான். பேந்து வெங்காயம் வெட்டினனான். பேந்து அடுப்பு" என்றார் அண்ணன். "உந்தச் சூப் எத்தினை ஆயிரம் செய்திருப்பன் எண்டு எனக்கே தெரியாது." என்னைப் பார்த்தார். "இருந்து ஒருநாளும் குடிச்சதில்லை. இண்டைக்குத்தான்."

அமெரிக்கக்காரிதான் முதலில் அசைந்தாள். எழும்பிப் போய், அவர் கையிலிருந்த கோப்பைகளை வாங்கினாள். விருந்தாளி குசினிக்குள் போகக் கூடாது, அது பிரான்ஸின் சட்டம் என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கண்டிப்பாகச் சொன்னாள். அந்தப் பிரெஞ்சைக் கேட்டு அண்ணன் திரும்பவும் சிரித்தார். சிரித்தபடி வந்து இருந்தார். இந்த முறை கதிரையின் நுனியில் அல்ல, முதுகு சாய்த்து.

இலைக்கறி வந்தது, சீஸ் வந்தது. ஒவ்வொரு சீஸின் பெயரையும் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார், அவள் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். அமெரிக்கக்காரி விடைபெற்றுப் போனாள். கணவர் கோப்பை கழுவப் போனார், மகள் போனோடு அறைக்குள் போனாள். வெளியே வெளிச்சமும் போய்விட்டது. அண்ணன் பாணில் ஒரு துண்டைப் பிய்த்து, விரிப்பிலேயே வைத்துக்கொண்டு மெல்ல மெல்லச் சாப்பிட்டார்.

"இருந்து சாப்பிட இவ்வளவு நேரம் பிடிக்குமெண்டு எனக்குத் தெரியாது, தங்கச்சி. நல்லாத்தான் இருக்கு. உவையிலை பிழையில்லை."

"ஏன் அண்ணை என்னட்டை ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்ல? கஃபேக்குப் போவீங்களோ எண்டு நீ கேட்டாய். எவ்வளவு ஆசையாக் கேட்டாய். இல்லை எண்டு சொல்ல மனம் வரேல்லை."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "நான் ஆசைப்பட்டது கஃபேக்கோ? விசரோ உங்களுக்கு? எனக்கு உங்களைப் பற்றிக் கதைக்க வேறை ஒண்டும் இல்லை. அதாலை கேட்டனான்!" சொல்லிவிட்டு அழுதேன். வெட்கம் பாராமல் மேசையில் கை வைத்து அழுதேன்.

அவர் கதைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மத்தியானச் சாப்பாடு முடிந்தால் இராச் சாப்பாடு தொடங்கும் வரை கடையைப் பூட்டிவிடுவார்களாம். வீடு தூரம், போய் வர நேரம் காணாது. அந்த இடையில் அவருக்குப் போக இடமில்லை. கோடையில் ஒரு பூங்கா வாங்கிலில் இருப்பார். குளிரில் ஒரு தேவாலயத்துக்குள் போய்ப் பின்வரிசையில் இருப்பார், அங்கே சூடு போட்டிருக்கும், ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். எத்தனையோ வருஷம் ஒவ்வொரு நாளும் அப்படித்தான். நான் ரயிலில் கண்ணை மூடி அவரை இருத்திப் பார்த்த பின்னேரங்களில் அவர் உண்மையில் இருந்த இடம் அதுதான்.

"அப்ப என்ன செய்வீங்கள்?"

"என்ன செய்யிறது? மணிக்கூட்டைப் பாப்பன். உனக்கு இப்ப என்ன நேரம் எண்டு கணக்குப் பாப்பன்." பாண் துகள்களை விரலால் ஒரு பக்கமாகக் கூட்டினார். "எனக்கு வேலையில்லாத ஒரே நேரம் அதுதான். உனக்கு நடுச்சாமம். போனைக் கையிலை வைச்சுக்கொண்டு இருப்பன். நித்திரை கொள்ளுறாள், எழுப்பக் கூடாது எண்டு பேந்து பைக்குள்ளை வைச்சிடுவன்."

குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. நான் அவருடைய கையை, அந்தத் தழும்புக் கையை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஆர் அண்ணை உங்களுக்குச் சொன்னது," என்றேன், "நான் நித்திரை எண்டு?"